கண்ணுக்குத் தெரியாத கரும்புகை: டீசல் கெப் வண்டியும் ஓயாத கரியெரிப்பும்

சில நூறு கிலோமீட்டருக்கு ஒரு தடவை செய்ய வேண்டிய வேலையை டீசல் கெப் வண்டியொன்று அன்றாடம் செய்யத் தொடங்கினால், பழி முதலில் விழுவது சைலன்சர் வரிசையில் இருக்கும் டி.பி.எப். என்ற வடிகட்டியின் மீதுதான். கழற்றிக் கழுவு, உள்ளே இருப்பதை உடைத்துக் கொட்டு, வண்டியின் கம்பியூட்டரில் அப்படியொன்று இருப்பதையே அழித்துவிடு என்று மூன்று பரிகாரங்கள் விலையோடு தயாராக இருக்கின்றன. வடிகட்டி எதனால் இவ்வளவு சீக்கிரம் நிரம்புகிறது என்ற கேள்வியை மட்டும் மூன்றுமே கேட்பதில்லை. கேட்டால் நேரம் செலவாகும், பில் போடுவதற்குப் பெரிதாக எதுவும் கிடைக்காமலும் போகலாம் என்பது இதற்கு ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

டி.பி.எப். என்பது டீசல் புகையிலுள்ள நுண்ணிய கரித்துகள்களைப் பிடித்து வைக்கும் வடிகட்டியாகும். உருக்குக் கூட்டுக்குள், கடும் வெப்பத்தைத் தாங்கும் சிலிக்கன் காபைட்டு அல்லது கோர்டியரைட்டு என்ற பீங்கான் வகையினால் ஆன கட்டியொன்று வைக்கப்பட்டிருக்கும். அதன் நீளவாக்கில் ஏராளமான நுண்குழல்கள் ஓடும். ஒரு குழலின் முன்வாய் திறந்திருந்தால் அதன் பின்வாய் அடைக்கப்பட்டிருக்கும், பக்கத்துக் குழலில் இது தலைகீழாக இருக்கும். ஆகவே உள்ளே நுழைந்த புகை சுவரை ஊடுருவித்தான் மறுபக்கம் போக முடியும், அப்படிப் போகும்போது கரியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சுவரிலேயே தங்கிவிடும். 2000ஆம் ஆண்டில் பிரான்சின் பெஜோ நிறுவனம் தனது 607 காரில் இதைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்தது. 2009இல் நடைமுறைக்கு வரத் தொடங்கிய யூரோ 5 விதிகள் ஐரோப்பாவின் புதிய டீசல் கார்களுக்கு அதை ஏறத்தாழக் கட்டாயமாக்கின. இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதிகளோடு பொலேரோ பிக்கப் வரைக்கும் அது வந்து சேர்ந்தது. (இலங்கையில் ஓடும் எல்லாக் கெப் வண்டிகளிலும் டி.பி.எப். இல்லை. பழைய வண்டிகளும், பொதுச் சந்தைகளுக்கெனத் தயாரான பல வண்டிகளும் அது இல்லாமலேயே இறங்கின. ஆகவே இல்லாத வடிகட்டியைக் கழுவுவதற்குப் பணம் கொடுக்கும் முன் வண்டியின் அடியில் ஒரு தடவை குனிந்து பார்ப்பது நல்லது.)

பிடித்து வைத்த கரியை அவ்வப்போது எரித்துத் தீர்க்க வேண்டும். கராஜ்களில் 'ரீஜென்' என்று சுருக்கி அழைக்கப்படும் இந்த வேலையை இக்கட்டுரை கரியெரிப்பு என்று குறிக்கிறது. அது இரண்டு வழிகளில் நடக்கிறது. சுமையோடு சீராக ஓடும் வண்டியின் புகைக்குழாய் 250 பாகை செல்சியசைத் தாண்டும்போது, வடிகட்டிக்கு முன்னால் இருக்கும் ஒட்சியேற்ற ஊக்கி, அதாவது பிளாட்டினம் போன்ற உலோகங்கள் பூசப்பட்ட மற்றொரு பீங்கான் கட்டி, புகையிலிருந்து நைதரசன் ஈரொட்சைட்டை உண்டாக்குகிறது. அந்த வாயு கரியை ஓசையின்றி மெல்ல மெல்லத் தின்றுவிடுகிறது. இது தானாக நடக்கும் எரிப்பு. இது போதாதபோது, என்ஜினை ஆளும் ஈ.சி.யு. என்ற கணினி, வேலை முடிந்த சிலிண்டருக்குள் காலந்தாழ்த்திக் கொஞ்சம் டீசலைத் தெளிக்கிறது (சில வண்டிகளில் இதற்கென்றே புகைக்குழாயில் தனி இன்ஜெக்டர் உண்டு). அந்த டீசல் ஊக்கியில் எரிந்து, வடிகட்டியின் வெப்பத்தை 600 பாகை அளவுக்கு ஏற்றிக் கரியைச் சுட்டெரிக்கிறது. இது ஏவப்பட்ட எரிப்பு. அடிக்கடி நடக்கிறது என்று உரிமையாளர்கள் முறையிடுவது இந்த இரண்டாவதைப் பற்றித்தான்.

ஏவப்பட்ட எரிப்பு நடக்கும்போது நின்ற இடத்தில் என்ஜினின் சுற்று வேகம் சற்றுக் கூடும், சூடான உலோக வாடை வரும், டீசல் செலவு ஏறும், வண்டியை நிறுத்திய பிறகும் விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். பத்து முதல் இருபத்தைந்து நிமிடங்களில் முடியும் இந்த வேலை, வண்டியையும் ஓட்டத்தையும் பொறுத்து 300 கிலோமீட்டருக்கு ஒரு தடவையோ அதற்கும் தள்ளியோ வந்தால் கவலைப்பட எதுவுமில்லை. 100, 150 கிலோமீட்டருக்குள் மீண்டும் மீண்டும் வந்தால், எங்கோ ஒன்று சரியில்லை என்று கொள்ளலாம்.

இங்கேதான் விடயத்தின் மையம் இருக்கிறது. டி.பி.எப். இல்லாத காலத்தில் இன்ஜெக்டர் கசிந்தாலும், டர்போவிலிருந்து வரும் காற்றுக்குழாய் வெடித்தாலும், எயர் பில்டர் அடைத்தாலும், பின்னால் வரும் முச்சக்கர வண்டிக்காரர் முகத்தை மூடிக்கொள்ளும் அளவுக்குக் கரும்புகை வந்து பழுதைக் காட்டிக்கொடுத்தது. இன்று அதே பழுது வந்தால் அதே கரும்புகை உண்டாகத்தான் செய்கிறது, ஆனால் வடிகட்டி அதை உள்ளேயே பிடித்துக்கொள்வதால் வெளியே எதுவும் தெரிவதில்லை. புகைக்குழாயின் வாயை வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி ஏறத்தாழ அப்படியே வரும். அந்தப் புகை வெளியே தெரியும் ஒரே வடிவம் அடிக்கடி நிகழும் கரியெரிப்புத்தான். வடிகட்டியைக் குறைசொல்பவர்கள் பழுதைக் காட்டிக்கொடுத்த உறுப்பையே தண்டிக்கிறார்கள். (துணி கறுப்பாக வந்தால் கதை வேறு: வடிகட்டி விரிசல் விட்டிருக்கிறது, அல்லது முந்திய உரிமையாளர் ஏற்கெனவே அதைத் துளைத்துவிட்டு மினுக்கி விற்றிருக்கிறார்.)

திருகோணமலை மாவட்டத்தின் மூதூர்ப் பகுதியில், மட்டக்களப்பு வீதியான ஏ-15இன் ஓரத்தில் இருக்கும் கிளிவெட்டி, இந்த வடிகட்டிக்கு இயல்பிலேயே ஒத்துவராத ஊர்களில் ஒன்று. மகாவலியின் கிளையான வெருகல் ஆற்றையும் அல்லைத் திட்ட நீரையும் நம்பிய நெல் நிலம் அது. அங்கே கெப் வண்டியின் நாளாந்த ஓட்டம் வீட்டிலிருந்து வயலுக்கும், வயலிலிருந்து நெல் ஆலைக்கும், இடையில் தோப்பூருக்கோ சேருநுவரவுக்கோ போய்வருவதுமாக, என்ஜின் முழுச் சூடு ஏறும் முன்பே முடிந்துவிடுகிறது. பெரும்போக அறுவடைக் காலத்தில் நெல் மூட்டைகள் ஏற்றி முடியும் வரை ஏ.சி.யோடு என்ஜினை ஓடவிட்டு நிற்பது வழக்கம். நின்றபடி ஓடும் என்ஜினின் புகை 150 பாகையைக்கூட எட்டுவது அரிது, அந்த வெப்பத்தில் தானாக நடக்கும் எரிப்புக்கு இடமே இல்லை, கரி சேர்வது மட்டும் நிற்பதில்லை. போதாக்குறைக்கு அறுவடை இயந்திரங்கள் கிளப்பும் தூசியும் உமித்தூளும் எயர் பில்டரை, சேர்விஸ் புத்தகம் சொல்லும் தவணைக்கு வெகு முன்னரே அடைத்துவிடுகின்றன. (ஊரைக் குறைசொல்ல இதில் ஒன்றுமில்லை, இந்த வடிகட்டியை வரைந்தவர்கள் வயல் வரம்பை மனத்தில் வைத்து வரையவில்லை.)

அடிக்கடி எரிவது என்ற ஒரே முறைப்பாட்டுக்குள் நான்கு வெவ்வேறு பழுதுகள் ஒளிந்திருக்கின்றன என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்: கரி அளவுக்கு மீறி உண்டாகலாம், உண்டான கரி எரிந்து முடியாமல் போகலாம், கரி இல்லாமலேயே இருப்பதாகக் கணக்குப் பிழைக்கலாம், எரியவே எரியாத ஒன்று இடத்தைப் பிடித்திருக்கலாம். பிரிக்காமல் வடிகட்டியைக் கழுவினால் சில வாரங்கள் நிம்மதி கிடைக்கும். எச்சரிக்கை விளக்கு அணையும், பழுது இருக்கும்.

கரி அளவுக்கு மீறி உண்டாவதற்கு ஒரே சுருக்கமான விளக்கம்தான் உண்டு: டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை, அல்லது காற்றுக்கு ஏற்றபடி டீசல் தெளிக்கப்படவில்லை. அடைத்த எயர் பில்டர், டர்போவுக்கும் இன்டர்கூலருக்கும் இடையிலுள்ள இறப்பர்க் குழாயின் வெடிப்பு, காற்றின் அளவைக் கணிக்கும் சென்சரில் படிந்த அழுக்கு ஆகியவை முதல் வகை. குழாய் வெடிப்பைக் கண்டுபிடிக்கக் கருவி அவசியமில்லை. கிளிப் பூட்டிய இடத்தைச் சுற்றி ஒயில் கசிந்து தூசியோடு சேர்ந்து கறுத்துப் பசையாக நிற்கும், சுமையோடு மேட்டில் ஏறும்போது 'ஸ்ஸ்' என்ற காற்றோசை கேட்கும். ஈ.ஜி.ஆர். வால்வு, அதாவது நைதரசன் ஒட்சைட்டுகளைக் குறைப்பதற்காகப் புகையில் ஒரு பகுதியை மீண்டும் என்ஜினுக்குள் அனுப்பும் கதவு, கரி பிடித்துத் திறந்தபடியே சிக்கிக்கொண்டால், ஒட்சிசன் குறைந்து கரி பெருகும். சொட்டும் இன்ஜெக்டர் இரண்டாம் வகை. அதை ஒவ்வொரு இன்ஜெக்டரும் திருப்பி அனுப்பும் டீசலின் அளவை ஒப்பிட்டும், ஈ.சி.யு.வின் தரவுகளை வாசிக்கும் ஸ்கேனர் கருவியில் ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் தெரியும் திருத்த எண்களைப் பார்த்தும் அறியலாம்.

எரிந்து முடியாமல் போவது வண்டியின் பழுதாகவும் இருக்கலாம், ஓட்டுநரின் பழக்கமாகவும் இருக்கலாம். கரியெரிப்பு தொடங்கி ஐந்தாவது நிமிடத்தில் வீடு வந்துவிட, சாவியைத் திருப்பி நிறுத்தினால், பாதி எரிந்த கரியோடு வடிகட்டி ஆறிவிடும். மறுநாள் காலையில் கணினி மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். இப்படி ஒரே கரியெரிப்பு நான்கைந்து தவணைகளில் நடக்கும்போது அடிக்கடி எரிவதாகத் தோன்றுகிறது. பல வண்டிகளில் டாங்கியில் டீசல் கடைசிக் கோட்டுக்கு இறங்கிவிட்டாலோ என்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டிருந்தாலோ கணினி கரியெரிப்பைத் தொடங்கவே மாட்டாது. இன்னொரு மலிவான குற்றவாளி தெர்மோஸ்டாட்: என்ஜின் நீரின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் இந்தச் சிறு வால்வு திறந்தபடியே நின்றுவிட்டால் நீரின் வெப்பம் 80 பாகையைத் தாண்டாமல் கிடக்கும், போதிய சூடு இல்லாத என்ஜினில் கரியெரிப்பு தொடங்காது, தொடங்கினாலும் சரிவர முடியாது. வெப்பமான ஊரில் என்ஜின் குளிர்ந்தே ஓடுவதைச் சிலர் நல்ல சகுனமாகக் கொண்டு தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிடுவதுண்டு, டி.பி.எப். உள்ள வண்டியில் அது வம்பை விலைகொடுத்து வாங்குவதாகும்.

இதன் இன்னொரு விளைவை ஒயில் குச்சியில் காணலாம். சிலிண்டருக்குள் காலந்தாழ்த்தித் தெளிக்கப்படும் டீசலில் ஒரு பகுதி சுவரில் வழிந்து கீழே ஒயிலோடு கலக்கிறது. கரியெரிப்பு அடிக்கடி நடந்தால் ஒயிலின் அளவு குறைவதற்குப் பதிலாக ஏறும். சமதளத்தில் நிறுத்தி, என்ஜின் ஆறிய பிறகு குச்சியை இழுத்துப் பார்த்தால், மேல்கோட்டைத் தாண்டி, விரல்களுக்கிடையே தண்ணீர்போல வழுக்கி, டீசல் மணக்கும். ஒயில் குறையவில்லை என்று அகமகிழ்வதற்குரிய காட்சியன்று அது. பெயரிங்குகள் தேயத் தொடங்கும் காட்சி. அத்தகைய ஒயிலை உடனே மாற்றுவது மற்ற எல்லாச் சோதனைக்கும் முந்தியது.

கணக்குப் பிழைப்பதுதான் மூன்றாவது. வடிகட்டிக்குள் எட்டிப் பார்க்கக் கணினிக்குக் கண்ணில்லை. வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள புகையழுத்தத்தின் வேறுபாட்டை அளக்கும் சென்சர் ஒன்றையும், கடைசி எரிப்புக்குப் பிறகு ஓடிய தூரத்தையும் ஓட்டிய விதத்தையும் கொண்டு கரியின் எடையை அது ஊகிக்கிறது. சென்சரை வடிகட்டியோடு இணைப்பவை இரண்டு மெல்லிய குழாய்கள். அவற்றின் இறப்பர்ப் பகுதி சூட்டில் வெடிக்கும், உள்ளே கரியும் நீர்த்துளியும் அடைக்கும், மாரிக்காலத்தில் வெள்ளத்துக்குள் ஓட்டப்பட்ட வண்டியில் சென்சரின் பிளக்கில் பச்சைப் பூசணம்போலச் செம்புக் களிம்பு ஏறும். சோதனையோ மிக எளிது: என்ஜினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பி, ஸ்கேனரில் அந்த அழுத்த வேறுபாட்டைப் பார்க்க வேண்டும். புகையே ஓடாதபோது அது பூச்சியமாக இருக்க வேண்டும். பூச்சியத்துக்குப் பதில் ஓர் எண் நிலையாக நின்றால், வெறுமையான வடிகட்டியையும் நிரம்பியதாக நம்பிக் கணினி டீசலை வீணே எரித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். பெருந்தொகை கேட்கும் வடிகட்டி மாற்றத்துக்கு முன், ஒரு நிமிடமும் பிடிக்காத இந்தச் சோதனையைச் செய்து காட்டும்படி கராஜில் கேட்பதில் வெட்கப்பட எதுவுமில்லை.

நான்காவது சாம்பல். விறகடுப்பில் மிஞ்சிய கரியை மறுநாளும் எரிக்கலாம், சாம்பலை எத்தனை நாள் ஊதினாலும் எரிக்க முடியாது, வடிகட்டியிலும் அப்படித்தான். என்ஜின் ஒயிலில் சேர்க்கப்படும் கல்சியம், நாகம், பொசுபரசு முதலியவற்றின் சேர்மங்கள் ஒயில் எரியும்போது சாம்பலாகிக் குழல்களின் கடைக்கோடியில் இறுகுகின்றன. இடம் குறையக் குறைய, மிஞ்சிய சிறு இடம் விரைவில் நிரம்பி, எரிப்பு அடிக்கடி தேவைப்படுகிறது. ஒழுங்காகப் பராமரித்த வண்டியில் இந்த நிலை வர ஒன்றரை, இரண்டு இலட்சம் கிலோமீட்டர் ஆகலாம். பொருந்தாத ஒயிலை ஊற்றினால் அதற்கு வெகு முன்னரே வரும். ஒயில் கானின் பின்புறத்தில் ஜே.ஏ.எஸ்.ஓ. டி.எல்.-1 என்றோ, ஏ.சி.இ.ஏ. சி2, சி3 என்றோ இருந்தால் அது சாம்பல் குறைந்த வகை (டி.எல்.-1இல் சாம்பல் 0.6 வீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது), எந்தக் குறியீடு தம் வண்டிக்கு உரியது என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய லொறிகளுக்கென விற்கப்படும் ஒயில் நல்ல ஒயிலாகவே இருக்கலாம், டி.பி.எப்.புக்கு அது கேடு. சாம்பலுக்கு மட்டுமே கழற்றிச் சுத்தம் செய்வது சரியான வைத்தியம். அதையும் சூளையில் சுட்டுக் காற்றழுத்தத்தால் ஊதும் முறையில் செய்யலாமேயன்றி, வாகனம் கழுவும் நீர்த்துப்பாக்கியால் பீய்ச்சி அடிப்பது பூச்சையும் பீங்கானையும் ஒருங்கே கெடுக்கலாம்.

எரிபொருளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. யூரோ 4 தரத்து டீசலில் கந்தகம் பத்து இலட்சம் பங்குக்கு 50 பங்குக்கும், யூரோ 5 தரத்தில் 10 பங்குக்கும் மேற்படக்கூடாது. 1969இல் தொடங்கப்பட்ட சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் அத்தகைய அளவுகளை எண்ணிக் கட்டப்பட்டதன்று; இலங்கையில் விற்கப்படும் சாதாரண ஒட்டோ டீசலின் கந்தக அளவு சுப்பர் டீசலைவிட மிக உயர்வாகவே இருந்து வந்திருக்கிறது. கந்தகம் கரியைப்போல வடிகட்டியை நிரப்புவதில்லை. அது முன்னாலுள்ள ஊக்கியின் பூச்சைப் பிடித்துக்கொண்டு, நைதரசன் ஈரொட்சைட்டு உண்டாவதைத் தடுத்து, தானாக நடக்கும் எரிப்பை மந்தப்படுத்துகிறது, அதன் பாரம் முழுவதும் ஏவப்பட்ட எரிப்பின் தலையில் விழுகிறது. டி.பி.எப். உள்ள வண்டிக்குச் சுப்பர் டீசல் ஆடம்பரமன்று. மேலதிக விலை கண்ணுக்குத் தெரிகிறது, அடிக்கடி எரியும் டீசலின் விலை தெரிவதில்லை என்பதே வேறுபாடு. 2022இன் தட்டுப்பாட்டுக் காலத்தில் பழகிப்போன கான்களிலும் பீப்பாய்களிலும் நாட்கணக்காகக் கிடந்த டீசலில் நீரும் துருவும் சேர்ந்திருக்கும் என்பதால், அது இன்ஜெக்டருக்கு உகந்ததன்று.

"ஒரு நீண்ட ஓட்டம் ஓட்டினால் எல்லாம் சரியாகிவிடும்" என்பது உலகெங்கும் சொல்லப்படும் அறிவுரை. கிளிவெட்டியில் அது ஓரளவு பொருந்தும்: 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டு, அதைத் தொடர்ந்து ஏ-15இன் மற்றைய துறைகளுக்கும் பாலங்கள் வந்து பாதைப்படகுக்குக் காத்துக்கிடப்பது ஒழிந்த பிறகு, திருகோணமலை வரை நிறுத்தாமல் ஓடும் ஒரே ஓட்டம் ஒரு கரியெரிப்பை முடித்துவைக்கப் போதுமான நீளம் உடையது, அல்லை–கந்தளாய் வீதியால் ஏறி ஹபரணைப் பக்கம் போவதும் அப்படியே. ஆனால் அறிவுரை பொருந்துவது குறுகிய ஓட்டத்தால் வந்த கரிக்கு மட்டும்தான். அதை எல்லாப் பழுதுக்கும் மருந்தாக்குவோருக்கு அவுஸ்திரேலியாவின் வழக்கு நல்ல பதில். 2015 ஒக்டோபர் முதல் 2020 ஏப்ரல் வரை அங்கே விற்கப்பட்ட ஹைலக்ஸ், பிராடோ, போர்ச்சூனர் டீசல் வண்டிகள் ஏறத்தாழ 2 இலட்சத்து 64 ஆயிரத்தில் டி.பி.எப். அமைப்பே குறைபாடுடையது என்று 2022 ஏப்ரலில் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தக் குறைபாடு வெளிப்பட்ட சூழல்தான் கவனத்துக்குரியது: மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டர் வேகத்தில் தொடர்ந்து ஓடும் நெடுஞ்சாலை ஓட்டம். வடிகட்டிக்கு மருந்து என்று எல்லோரும் சொன்ன அதே ஓட்டத்தில் அந்த வண்டிகள் வெண்புகை கக்கின, அடிக்கடி எரித்தன, டீசலைக் குடித்தன. வண்டியின் பெறுமதி 17.5 வீதம் குறைந்ததாக நீதிமன்றம் கணித்தது. மேன்முறையீட்டில் அது 10 வீதமானது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று, 2024 நவம்பரில் அங்கும் தீர்ப்பு வந்தது. ஓட்டுநரின் பழக்கமே எல்லாவற்றுக்கும் காரணம் என்று சாதிக்கும் விற்பனையாளருக்கு நினைவூட்டத்தக்க வழக்கு இது.

எஞ்சியிருப்பது, உள்ளே இருப்பதை உடைத்துக் கொட்டும் பரிகாரம். அதைச் செய்தால் எரிப்பு நிற்கும், கரும்புகை திரும்பி வரும், மூலப் பழுது அப்படியே கிடந்து ஒருநாள் டர்போவையோ பிஸ்டனையோ கேட்கும். 2008 முதல் இலங்கையில் வருமான அனுமதிப்பத்திரத்துக்குத் தேவைப்படும் புகைப் பரிசோதனை, டீசல் புகை ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்பதை அளப்பதாதலால், உடைத்த வண்டியும் அதில் தேறிவிடக்கூடும். கண்ணுக்குப் புலப்படாத நுண்துகள்களை எண்ணும் சோதனையைப் பெல்ஜியம், நெதர்லாந்து, ஜேர்மனி ஆகிய நாடுகள் 2022, 2023 ஆண்டுகளில்தான் கொண்டுவந்தன. சோதனையில் தேறுவது வேறு, மூச்சில் போகாமலிருப்பது வேறு: டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012 ஜூனில் உறுதியாக வகைப்படுத்திவிட்டது. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர்கள் வண்டியின் பின்தட்டில் நெல் மூட்டைமேல் அமர்ந்து வருபவர்கள்.

ஆகவே வரிசை இப்படி அமைய வேண்டும்: ஒயில் குச்சி, எயர் பில்டர், காற்றுக்குழாய்கள், புகைக்குழாய் வாயில் வெள்ளைத் துணி ஆகிய செலவில்லாத நான்கும் முதலில், சாவி திருப்பிய நிலையில் அழுத்தச் சென்சரின் பூச்சியம், என்ஜின் நீரின் வெப்பம், இன்ஜெக்டர்களின் திருத்த எண்கள், ஈ.ஜி.ஆர். வால்வின் அசைவு ஆகிய ஸ்கேனர் வேலைகள் அடுத்து. இவை எல்லாம் சரியென்று கண்ட பிறகே ஊக்கியும் வடிகட்டியும். கராஜில் கட்டளையிட்டுச் செய்யும் எரிப்புக்கு வண்டியைத் திறந்த வெளியில், வைக்கோலும் காய்ந்த புல்லும் இல்லாத தரையில் நிறுத்த வேண்டும் (அறுவடை முடிந்த வயலோரத்தில் கரியெரிப்போடு வண்டியை நிறுத்துவது வைக்கோலுக்குத் தீ வைப்பதற்குச் சமமாகிவிடலாம்). அளவுக்கு மீறிக் கரி சேர்ந்த வடிகட்டியை வலிந்து எரித்தால் உள்ளே வெப்பம் கட்டுமீறிப் பீங்கான் வெடிக்கும் என்பதால், ஸ்கேனர் மறுத்தால் அந்த மறுப்பை ஏமாற்றப் பார்க்கக் கூடாது. பழுது பார்த்த பிறகு, இரண்டு எரிப்புகளுக்கு இடையே ஓடிய கிலோமீட்டரைத் தொடர்ந்து சில தடவை குறித்து வைக்க வேண்டும். அந்த இடைவெளி நீண்டிருந்தால் கராஜுக்குக் கொடுத்த பணத்துக்கு வேலை நடந்திருக்கிறது, நீளவில்லையென்றால் விளக்கு அணைந்திருந்தாலும் வேலை நடக்கவில்லை.